இருபத்து மூன்று வருஷம் ஊறிய கார்

அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அந்தத் தெருவில் உதட்டைப் பிதுக்குவார்கள். 'ஊறட்டும்' ஒர்க்‌ஷாப் எங்கே என்று கேட்டுப் பாருங்கள், கடைசி வீட்டுக்காரர்கூடக் கைவேலையைப் போட்டுவிட்டு வந்து வழி காட்டுவார். இந்தப் பட்டத்தை யாரும் கூடி உட்கார்ந்து சூட்டவில்லை. அவர் வாயிலிருந்தே வந்து அவர் மேலேயே ஒட்டிக்கொண்டது.

துருப்பிடித்து இறுகிப்போன எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் முதலில் முகர்ந்து பார்ப்பார். பிறகு காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார். கொண்டுவந்தவர் அவசரமாக ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார், அது இவர் காதில் ஏறாது. கடைசியில் ஒரு டப்பாவை எடுத்து, தன் கைப்பக்குவத்தில் கலந்து வைத்திருக்கும் எண்ணெயை ஊற்றி, பொருளை அதற்குள் இறக்கிவிட்டு ஒரே வார்த்தை சொல்லுவார்: "ஊறட்டும்." அந்த எண்ணெயில் டீசல் உண்டு, தையல் மெஷினுக்குப் போடும் மெல்லிய எண்ணெய் உண்டு, மூன்றாவதாக இன்னொன்றும் உண்டு. அந்த மூன்றாவது என்னவென்று மனைவிக்கே தெரியாது. பழைய கார்களில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் கார்புரேட்டர் என்றால் நாலு ஊர் தள்ளியிருந்துகூட அவரைத் தேடி வருவார்கள். எந்த இரும்பையும் அவர் மிரட்ட மாட்டார். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் கையில் முறிந்த திருகாணிகள் மொத்தம் நாலு. ஒவ்வொன்றும் எந்த வண்டி, என்ன கிழமை என்று இன்றைக்கும் சொல்லுவார், துக்கம் விசாரிப்பது போலத்தான் நாமும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரும்போடு நிறுத்திக்கொண்டிருந்தால் ஒரு பொல்லாப்பும் இல்லை. மனுஷன் எல்லாவற்றையும் ஊறப் போட்டார். வீட்டுக் கூரை ஒழுகினால் ஊறட்டும், பல் வலித்தால் ஊறட்டும். கல்யாணத்தையே பதினோரு நாள் ஊறப் போட்டவர் அவர். இரண்டு வருஷம் ஒரே பஸ்ஸில் போய் வந்து பழகிய பெண், இவர் வாயைத் திறக்கிற வழியாக இல்லை என்று தானே துணிந்து, பஸ் ஸ்டாப்பில் வைத்து, "கட்டிக்கிறீங்களா, மாட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். இவர் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறார். அவள் அடுத்து வந்த பஸ்ஸில் விருட்டென்று ஏறிப் போய்விட்டாள். பன்னிரண்டாம் நாள் அவர் சவரம் செய்துகொண்டு அதே பஸ் ஸ்டாப்பில் போய் நின்றார். அந்தப் பதினோரு நாளை அந்த அம்மா இன்றுவரை மறக்கவில்லை, மறக்கவும் விடவில்லை.

கல்யாணமான வருஷம்தான் அந்தக் கார் வந்தது. நீளமான மூக்கு, உருண்டை விளக்குகள், சாம்பல் நிறம். வெளிநாட்டுக்கே போய்விட்ட ஒரு பல் டாக்டர், 'இதை நீயே வெச்சுக்கோ' என்று விட்டுவிட்டுப் போன வண்டி. ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால், வீட்டுச் சமையலறைக்கு எதிரே தகரக் கொட்டகை போட்டு அதில் நிறுத்தினார். புது மனைவியின் தோளைத் தொட்டு, இது ஓட ஆரம்பித்ததும் முதல் சவாரி உனக்குத்தான் என்று சொன்னார். இது நடந்து இருபத்து மூன்று வருஷம் ஆகிறது.

அவரைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். பிரேக்கைச் செய்தார், ஒயரெல்லாம் மாற்றினார், பெட்ரோல் டேங்கைக் கழற்றிக் கழுவினார், சீட்டுக்குப் புதுத் துணி போட்டார். காகிதங்களைக்கூடத் தவறாமல் புதுப்பித்து வைத்திருந்தார், ஓடாத வண்டிக்கு அவ்வளவு மரியாதை. ஓடுவதற்குப் பாக்கி இருந்தது கார்புரேட்டர்கள் மட்டும்தான். அந்த எஞ்சினுக்கு அவை இரண்டு, பக்கத்தில் பக்கத்தில், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. இரண்டும் கல்லாக இறுகிக் கிடந்தன. ஊர்க்காரர்களின் கார்புரேட்டரையெல்லாம் விடுவித்தவர் தன்னுடையதை மட்டும் தொடவில்லை. காரணத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பயம்தான், வேறென்ன. உடைந்தால் மாற்றுச் சாமான் கிடையாது. உடைந்தால் அந்த வாக்கும் அதோடு உடைந்தது. தொடாமல் இருக்கிறவரை அது உடையாமல் இருக்கும் அல்லவா.

மனைவிக்குத் தையல் சாமான் கடையில் வேலை. பட்டன், நூல், ஜிப், லேஸ். அந்தக் கடையில் அவள்தான் கண். ஒரு சட்டையை மேஜைமேல் போட்டு, இதில் ஒரு பட்டன் விழுந்துவிட்டது என்றால், முந்நூறு டப்பாக்களுக்கு நடுவே நேராகப் போய் அதன் ஜோடியை எடுத்து வந்துவிடுவாள். நீலத்தில் எத்தனை நீலம் உண்டு என்று அவளிடம் கேட்டால் சாயங்காலம் ஆகிவிடும். ஜோடி சேராத எதையும் அவளால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. வீட்டில் கரண்டிகள்கூட இனம் பிரிந்துதான் தூங்கும்.

அவளுக்கு ஒரு அக்கா, வேறு ஊரில். நல்ல மனுஷிதான், ஆனால் நாக்கில் ஒரு ஊசி வைத்திருப்பாள். வரும்போதெல்லாம் பை, பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன் நேராகக் கொட்டகைக்குப் போய், கார்மேல் போர்த்திய துணியின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்து, "இன்னும் தூங்குதா?" என்று கேட்பாள். இருபத்து மூன்று வருஷமாக அதே கேள்வி, அதே சிரிப்பு. தங்கை ஒவ்வொரு தடவையும் டீ போடுகிற சாக்கில் சமையலறைக்குப் போய்விடுவாள்.

இந்த வருஷம் ஒரு நாள் காலையில், அவர் டீ கிளாஸுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அட்டை இருந்தது. எடுத்துப் பார்த்தால் டிரைவிங் லைசென்ஸ், மனைவியின் முகம் அதில் முறைத்துக்கொண்டிருந்தது. கடைக்கு எதிரே இருக்கும் டிரைவிங் ஸ்கூலில், மூன்று மாதம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், யாருக்கும் மூச்சுவிடாமல் கற்றுக்கொண்டிருக்கிறாள். முதல் பரீட்சையில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஒரு டிரம்மை உருட்டிவிட்டாளாம், இரண்டாவதில் தேறிவிட்டாள். ஐம்பத்தோரு வயதில் இப்படி ஒரு வேலை. அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெருமையை வெளியே காட்டத் தெரியாமல், டீயில் சர்க்கரை கம்மி என்று சொன்னார்.

"நீங்க என்னைக் கூட்டிட்டுப் போக வேணாம். அதை ஓட வைங்க, போதும். நான் ஓட்டிக்கிறேன்" என்றாள் அவள்.

அடுத்த திங்கட்கிழமை அக்காவிடமிருந்து போன். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி ரயிலில் வருகிறாளாம், பத்து நாள் இருப்பாளாம். ஸ்டேஷனிலிருந்து டாக்ஸி பிடித்து வந்துவிடுகிறேன் என்றிருக்கிறாள். அதோடு விட்டிருக்கலாம். "உங்க கார்தான் தூங்குதே" என்று ஒரு வார்த்தை சேர்த்தாள். தங்கைக்கு எங்கிருந்துதான் அந்தத் துணிச்சல் வந்ததோ. "டாக்ஸியெல்லாம் வேணாங்க்கா. நான் வந்து கூட்டிட்டு வர்றேன். நம்ம கார்ல. நானே ஓட்டிட்டு" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பதே உறைத்தது. திரும்பிக் கணவரைப் பார்த்தாள். கண்ணில் கோபம் இல்லை, கெஞ்சல் இருந்தது. பஸ் ஸ்டாப்பில் அன்றைக்குப் பார்த்த அதே கண்.

அவர் வாயில் அந்த வார்த்தை வந்தது, விழுங்கிவிட்டார். செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு ஒர்க்‌ஷாப் கதவில் 'ஒரு வாரம் லீவு' என்று அட்டை தொங்கியது.

எட்டு நட்டுகளை இரண்டு மணி நேரத்தில் அலுங்காமல் கழற்றி, இரண்டு கார்புரேட்டர்களையும் மேஜைக்குக் கொண்டு வந்தார். தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டுமானால் விஷயம் இவ்வளவுதான். ஒவ்வொன்றின் தலையிலும் கவிழ்த்து வைத்த கிண்ணம் போல ஒரு மூடி. அதற்குள் ஒரு பிஸ்டன். எஞ்சின் மூச்சை இழுத்தால் பிஸ்டன் மேலே எழும்பும், விட்டால் கீழே இறங்கும். எவ்வளவு எழும்புகிறதோ அவ்வளவு பெட்ரோல் உள்ளே போகும். மூடிக்கும் பிஸ்டனுக்கும் நடுவே ஒரு தலைமுடிகூட நுழையாது, ஆனாலும் உரசக் கூடாது. ஆகையால் செய்யும்போதே இந்த மூடிக்கு இந்தப் பிஸ்டன் என்று பார்த்துப் பொருத்தித்தான் அனுப்புவார்கள். பக்கத்து மூடிக்கு மாற்றிப் போட்டால் போகாது. இது அந்தத் தொழிலில் இருக்கிற யாருக்கும் தெரிந்த சங்கதி. அதனாலேயே அவர் இடது கார்புரேட்டரை பிஸ்கட் டப்பாவிலும், வலதைப் பால் பவுடர் டப்பாவிலும் போட்டு எண்ணெய் ஊற்றினார். டப்பாவே அடையாளம் என்பதால் தனியாக ஒரு கீறலும் போடவில்லை. அவருடைய சாமானை வேறு யாரும் தொட்டதே கிடையாதே.

புதன்கிழமை, கார்புரேட்டர்களுக்குள் காற்றுக் கதவைத் திருப்பும் தண்டுகளை எடுத்துக்கொண்டார். வெந்நீரில் முக்கிய துணியைச் சுற்றி வைத்தார், மரச் சுத்தியலால் செல்லமாக நாலு தட்டு தட்டினார், விரலால் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் அசைத்தார். அசையவில்லை. மறுபடி துணி, மறுபடி தட்டு. மத்தியானம் மூன்று மணிக்கு, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஒரு அசைவு கட்டைவிரலில் மட்டும் தெரிந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த அசைவுக்காகத்தான் இந்தத் தொழிலே. அதன் பிறகு அது அரை மணி நேரத்தில் கதவுபோலத் திரும்பியது.

வியாழக்கிழமை வலது பிஸ்டன் தானாக இறங்கி வந்துவிட்டது. இடதுதான் அழிச்சாட்டியம் செய்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட வந்த மனைவி, கைப்பையைக்கூட வைக்காமல், நான் ஏதாவது செய்யட்டுமா என்று கேட்டாள். கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொண்டுவரச் சொன்னார். மூடி சூட்டில் கொஞ்சம் விரியும், உள்ளே இருப்பதற்குச் சூடு போய்ச் சேருவதற்குள் இழுத்துவிட வேண்டும். அவள் மூடிமேல் சுற்றிச் சுற்றி ஊற்றினாள், அவர் துணியைச் சுற்றிப் பிடித்துத் திருகினார். மூன்றாவது கெட்டிலில் 'ப்ளக்' என்று ஒரு சத்தம். பிஸ்டன் அவர் கையில் இருந்தது, பழைய எண்ணெய் அவர் மூக்கில் இருந்தது. அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

துடைத்து, எண்ணெய் தடவி, அந்தந்த மூடிக்குள் அந்தந்தப் பிஸ்டனை விட்டு, ஓட்டைகளை விரலால் அடைத்துக் கவிழ்த்துப் பிடித்தார். எவ்வளவு மெதுவாக இறங்குகிறதோ அவ்வளவு நல்ல பொருத்தம் என்று சொல்லி, அவளை எண்ணச் சொன்னார். மூடிக்குள்ளிருந்து பிஸ்டன் நிதானமாக இறங்கி வந்தது. அஞ்சு எண்ணினாள். இன்னொன்றுக்கும் அஞ்சு. இதற்குமேல் பொருத்தம் கிடையாது என்றார். இரண்டையும் மறுபடி பிரித்து, அதனதன் டப்பாவில் புது எண்ணெயில் போட்டு மூடினார்.

சனிக்கிழமை பேட்டரியும் ரப்பர் குழாய்களும் வாங்க அவர் வெளியே போனார். மனைவிக்கு அன்றைக்கு அரை நாள் வேலை. அக்கா வருகிறாள் என்று வீட்டைத் துடைத்துக்கொண்டு வந்தவள், பின்வாசல் படியில் இருந்த அந்த இரண்டு டப்பாக்களையும் பார்த்தாள். நாற்றம் சமையலறை வரை வந்தது. பாவம், இத்தனை நாளாகத் தனியாகக் கஷ்டப்படுகிறாரே, நம்மால் ஆனது என்று நினைத்தாள். இரண்டு டப்பாக்களையும் ஒரே அகலமான பேசினில் கவிழ்த்து, சோப்புத்தூள் போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, துண்டில் பரப்பி, ஈரம் போக ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தாள். பிறகு கடையிலிருந்து கொண்டுவந்த, நடுவில் தடுப்பு வைத்த பட்டன் பெட்டியை எடுத்தாள். ஒரு மூடி, கொட்டகைக் கூரை ஒழுகி ஒழுகிப் பழுப்பேறியிருந்தது. ஒரு பிஸ்டனில் பழைய பெட்ரோல் காய்ந்து ஒட்டிய பழுப்பு, தேய்த்தும் போகவில்லை. மற்ற இரண்டும் வெள்ளி மாதிரி மின்னின. கண்ணைக் கட்டிவிட்டாலும் ஜோடி சேர்க்கும் கை அது. சேர்த்துவிட்டது.

சாயங்காலம் வந்து பார்த்தவருக்கு வாயெல்லாம் பல். வேறு யாராவது தொட்டிருந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும். பளபளவென்று பெட்டியில் படுத்திருந்தவற்றைப் பார்த்து, "இவ்வளவு சுத்தமா நானே கழுவினதில்ல" என்றார். அவள் கன்னம் சிவந்தது. எந்தப் பிஸ்டன் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று அந்த மகா மெக்கானிக் பார்க்கவே இல்லை. பாராட்டுகிற அவசரம். அவசரமே படாதவர் வாழ்க்கையில் ஒரு தடவை அவசரப்பட்டார், அதுவும் இதில்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குள் இரண்டும் எஞ்சினில் ஏறிவிட்டன. மனைவி குளித்து, நல்ல புடவை கட்டி, கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். சரி பார்க்கலாம் என்று இடது பிஸ்டனை விரலால் தூக்கிவிட்டார் மெக்கானிக். அது பாதியில் நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. வலதைத் தூக்கினார். அது தடதடவென்று விழுந்தது.

அவர் மறுபடி இறுகிவிட்டது என்றே நினைத்தார். தண்ணீர் பட்டிருக்கும், காய்ந்திருக்காது, இரவோடு இரவாகப் பிடித்துக்கொண்டிருக்கும். ஊரான் வண்டியாக இருந்தால் உட்கார்ந்து நிதானமாக யோசித்திருப்பார். இது சொந்த வண்டி, அதுவும் இந்த நாள். கழற்றி எண்ணெயில் போட்டால் இரண்டு நாள். ரயிலுக்கு மூன்று மணி நேரம்கூட இல்லை. மனைவி அவர் முதுகைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

சரியாக அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு டிங்கர் வந்து சேர்ந்தார். நசுங்கிய கதவு, மட்கார்டுகளைத் தட்டி நிமிர்த்துவது அவர் பிழைப்பு. தெருவில் அவருக்குப் பெயர் 'சுத்தியல்'. உலகத்தில் ஒரு அடியில் சரியாகாத பிரச்சினை கிடையாது என்பது அவர் கட்சி. ஊறட்டுமும் சுத்தியலும் பதினெட்டு வருஷமாக இந்த விஷயத்தில் சண்டை போட்டுக்கொண்டே ஒன்றாக டீ குடிப்பவர்கள். விவரத்தைக் கேட்டதும் அவர் கண் பிரகாசமானது. ஒரே ஒரு தட்டு, மூடியின் இடுப்பில், கணக்காக, நானாச்சு என்றார். சொல்லிக்கொண்டே சுத்தியலின் கைப்பிடியை நீட்டினார்.

மெக்கானிக் அதை வாங்கிக்கொண்டார். இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு கார்புரேட்டருக்கு எதிரே இரும்புச் சுத்தியலோடு நின்றார்.

"வேணாங்க." மனைவி எழுந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "டாக்ஸி சொல்லிக்கலாம். அக்கா சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். உங்க கையால அதை உடைக்க வேணாம்."

சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது. சாவியை மேஜைமேல் வைத்தாள். சுத்தியல்கூடத் தலையைக் குனிந்துகொண்டார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, தன் ஆற்றாமையில் அவள் சொன்னாள்: "நேத்து நல்லாத்தானே இருந்துச்சு. எவ்வளவு பாத்துப் பாத்து ஜோடி சேத்து வெச்சேன்."

மெக்கானிக் மெதுவாகத் திரும்பினார். "ஜோடி சேத்தியா? எப்படிச் சேத்தே?"

"பழுப்புக்குப் பழுப்பு, வெள்ளைக்கு வெள்ளை. பாத்தாலே தெரியுதே."

சுத்தியலை அவர் பத்திரமாகக் கீழே வைத்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். மட்கார்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், தரையில் உட்கார்ந்து சிரித்தார், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மற்ற இருவரும் பயந்துபோனார்கள். மூச்சு வாங்கியபடி அவர் விளக்கியபோது, அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பழுப்பு மூடியின் பிஸ்டன் வெள்ளை, வெள்ளை மூடியின் பிஸ்டன் பழுப்பு. வெளியே பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத முகம். உள்ளே போனால் அதற்கு அதுதான். ஒன்றும் இறுகவும் இல்லை, கெடவும் இல்லை. வீடு மாறிப் போய்விட்டன, அவ்வளவுதான்.

"தப்பு என்னோடதுதான், பாக்காம மாட்டினேன்" என்றார்.

"இல்ல, என்னோடதுதான்."

"சரி, பாதி பாதி" என்று தீர்ப்புச் சொன்னார் சுத்தியல்.

இருபது நிமிஷத்தில் மூடிகள் கழன்று வந்தன. பிஸ்டன்களை மாற்றினார். ஓட்டையை விரலால் அடைத்துக் கவிழ்த்துப் பிடித்து, மனைவியைப் பார்த்தார். அவள் எண்ணினாள், சுத்தியலும் சேர்ந்து எண்ணினார். பழுப்பு மூடிக்குள்ளிருந்து வெள்ளைப் பிஸ்டன் சாவகாசமாக இறங்கி வந்தது. அஞ்சு. மற்றதுக்கும் அஞ்சு. அந்தக் கொட்டகையில் அதைவிட அழகான எண் அன்றைக்கு வேறில்லை.

பத்து மணிக்கு அவள் சாவியைத் திருகினாள். முதல் தடவை இருமியது. இரண்டாவது தடவை நீளமாக இருமி, பின்பக்கம் ஒரு பெரும் புகையைத் தள்ளியது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை அதிர்ந்தது, அலமாரியில் இருந்த டப்பாக்கள் எல்லாம் கிணுகிணுத்தன. மெக்கானிக் இரண்டு கார்புரேட்டர்களுக்கும் காதைக் கொடுத்து, திருகாணிகளைக் கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படித் திருப்பினார். எஞ்சின் இருமலை விட்டுப் பேச ஆரம்பித்தது. அவர் எஞ்சின்மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றார். சுத்தியலுக்கு மட்டும் ஒரு குறை, அடிப்பதற்கு ஒன்றும் கிடைக்கவில்லையே என்று. கடைசியில் கோணலாக இருந்த நம்பர் பிளேட்டை நிமிர்த்தச் சொன்னார்கள். மனிதர் இரண்டு அடி அடித்துவிட்டு நிம்மதியானார்.

அவள் ஓட்டினாள். அவர் பக்கத்து சீட்டில் இரண்டு காலாலும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். முதல் சிக்னலில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் இருந்தவர்கள் ஹாரனை விடாமல் அழுத்தினார்கள். அவர் நெளிந்தார், அவள் நெளியவில்லை. பின்னால் பார்க்கும் கண்ணாடியைச் சரி செய்தாள், நிதானமாகச் சாவியைத் திருகினாள். "ரெண்டு வருஷம் உங்ககூட பஸ்ல வந்தவ நான், எனக்கா பொறுமை இல்ல" என்றாள். இரண்டாவது சிக்னலில் நிற்கவில்லை. கடை வீதியைத் தாண்டும்போது டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் வாசலில் நின்று, கையில் இருந்த பேப்பரைக் கீழே போட்டுவிட்டுப் பார்த்தார். அவள் அவருக்குத் தலையை மட்டும் அசைத்தாள்.

பத்து ஐம்பத்தெட்டுக்கு ஸ்டேஷன். அக்கா பெட்டியோடு வெளியே வந்து, நேராக டாக்ஸி வரிசையைப் பார்த்து நடந்தாள். கார் என்று ஒன்று வரும் என்ற எண்ணமே அவள் நடையில் இல்லை. தங்கை ஹாரனை அழுத்தினாள். சத்தம் வரவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினாள். கணவர் கூரையைப் பார்த்தார். ஹாரன் மட்டும் டப்பாவில் எண்ணெயில் கிடப்பதை அவர் சொல்ல மறந்திருந்தார்.

அவள் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, "அக்கா" என்று கூப்பிட்டாள். கூப்பிட்டாள் என்பது மரியாதைக்கு. ஸ்டேஷன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அக்கா நின்றாள். காரைப் பார்த்தாள், ஸ்டீயரிங்கைப் பார்த்தாள், அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். பெட்டியைத் தரையில் வைத்துவிட்டாள். மெக்கானிக் இறங்கிப் போய்ப் பெட்டியை எடுத்துப் பின்னால் வைத்து, முன் சீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டுத் தான் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். வழக்கமான அந்தக் கேள்வி வரவில்லை. கடை வீதி போயிற்று, இரண்டு சிக்னல் போயிற்று, அக்கா கியர் மாற்றும் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். கண்ணாடியில் தெரிந்த அவள் முகத்தில் ஊசி எதுவும் இல்லை. பத்து வயதுப் பெண், ஊஞ்சலில் தன் முறைக்குக் காத்திருக்கிற மாதிரி இருந்தாள்.

வீட்டுத் தெரு திரும்பும்போது, குரலைத் தாழ்த்தி, "எனக்கும் கத்துக் குடுப்பியாடி?" என்று கேட்டாள்.

தங்கைக்கு இருபத்து மூன்று வருஷமும் ஒரு நொடியில் நாக்கு நுனிக்கு வந்தது. கண்ணாடியில் கணவரைப் பார்த்தாள். உதடு துடித்தது.

"ஊறட்டுங்க்கா" என்றாள்.

பின் சீட்டிலிருந்து மெக்கானிக் முன்னால் எட்டிக் குனிந்தார். முகத்தில் அப்படியொரு ரோஷம்.

"அதெல்லாம் ஒண்ணும் ஊற வேணாம், அண்ணி. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு ரெடியா இருங்க."

மனைவி சிரித்த சிரிப்பில் கிளட்சிலிருந்து கால் நழுவிவிட்டது. கார் வீட்டு வாசலுக்குப் பத்து அடி முன்னால் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. மூன்று பேரும் இறங்கித் தள்ளினார்கள்.